கொடுத்த காப்பியை மறுக்கக் கூடாது

என் மனைவிக்கு இடது காலில் சுண்டுவிரல் இல்லை. அதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை அமைதியாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் ஆசிரியராகத் தொடங்கித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். அவள் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு ஓய்ந்திருக்கும் தம்பதிகளை ஒன்றரை ஆண்டு வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் வரவேற்புக் கூட்டம் நடக்கும். போனவர்கள் திரையில் படம் காட்டுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். எங்களைவிட இளைய ஒரு தம்பதி கம்போடியாவுக்குப் போய்வந்து படம் காட்டியதைப் பார்த்த அன்று எனக்கு ஊழியத்தில் ஆர்வம் உண்டானது. ஆவியானவரின் ஏவுதல் என்று அப்போது சொன்னேன். பொறாமை என்று இப்போது சொல்கிறேன்.

அனுப்புவதற்கு முன் சபையின் மூப்பர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நாள்பட்ட நோய் உள்ளவர்களை அனுப்புவதில்லை என்பது சபையின் விதி. "உடம்பெல்லாம் எப்படி?" என்று என் மனைவியைப் பார்த்துத்தான் கேட்டார். "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்று நான் பதில் சொன்னேன். அவளுக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர் இருந்தது. நாங்கள் பிறகு போன ஏற்காட்டுப் பக்கம் அதைச் சக்கரை என்பார்கள். அவள் தலையை உயர்த்தி மின்விசிறியைப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

எங்களை ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிறிய ஜெபக்கூடம் இருந்தது. மலைக் கிராமங்களில் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. பிரசங்கம் செய்யக் கூடாது, யாரையும் சபைக்கு இழுக்கக் கூடாது, உதவி மட்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அந்த விதியை முழுமையாகக் கடைப்பிடித்தோம். ஒன்றரை ஆண்டில் ஒருவர்கூட எங்களால் சபையில் சேரவில்லை.

இரண்டாவது விதி, தம்பதிகள் எங்கு போனாலும் சேர்ந்தே போகவேண்டும் என்பது. எங்களுக்கு இது புதிய அனுபவம். கல்யாணமான நாளிலிருந்து நான் பகலில் பள்ளியில் இருந்தேன், அவள் ஷிப்டில் இருந்தாள். முழு நாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. வெங்காயம் நறுக்கும்போது அவள் தனக்குத்தானே பேசுவாள் என்பதை நான் ஏற்காட்டில்தான் கண்டுபிடித்தேன். நான் எதைப் பார்த்தாலும் அதை விளக்குவேன் என்பதை அவள் கண்டுபிடித்தாள். "அதோ பாரு, ஏரி" என்பேன். "எனக்கும் கண்ணு இருக்குங்க" என்பாள்.

மூன்றாவது விதி சபையுடையது இல்லை, நான் சேர்த்துக்கொண்டது. எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. ஏழை வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்பது அவமதிப்பு என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததை நடைமுறைப்படுத்துவதில் நான் எப்போதும் தீவிரமானவன்.

ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தோம். மறுபாதியில் வீட்டுக்கார அம்மா இருந்தார். அவர் கணவர் சேலத்தில் கடை வைத்திருந்தார், வாரக் கடைசியில் மட்டும் மேலே வருவார். தலைச்சோலைப் பக்கம் இருந்த காப்பித் தோட்டத்தை அந்த அம்மாவே பார்த்துக்கொண்டார். தோட்டத்து மண் ஒட்டிய பழைய கார் ஒன்றை ஓட்டுவார். நாங்கள் போன அன்றே வாசலில் நின்று விசாரித்தார்.

"ஏனுங்க, அத்தனை தூரம் ஏரோப்ளேன் ஏறி வந்து இங்க என்னங்க பண்ணப் போறீங்க?"

"சேவை செய்ய வந்திருக்கோம்" என்றேன்.

"ஆருக்குங்க?"

"இங்க இருக்கிற வயசானவங்களுக்கு."

அவர் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தத் தெருவுல நொம்ப வயசானவங்க இனிமே நீங்கதானுங்க" என்றார்.

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கும் என் மனைவிக்கும் நட்பு உண்டானது அந்த நிமிடத்தில் என்று நினைக்கிறேன்.

எங்கள் நாள் இப்படிப் போகும். காலையில் எழுந்து ஜெபம். குளிரில் என் குரல் நடுங்கும், அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வேன். பிறகு கஞ்சி. பிறகு வாழவந்திக்கோ கொட்டச்சேட்டுக்கோ பஸ். பிள்ளைகள் திருப்பூருக்கும் சேலத்துக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் கிழவரோ கிழவியோ இருப்பார்கள். சில வீடுகளில் மகளோ மருமகளோ உடனிருப்பார்கள். என் மனைவி பையைத் திறந்து இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுப்பாள். உடனே பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கையை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். என் வேலை என்ன என்று எனக்குக் கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. வீட்டு ஆண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். மலேசியாவில் ரப்பர் மரம் எப்படிச் சீவுவார்கள் என்பதைக் காப்பி விவசாயிகளுக்கு விளக்கியிருக்கிறேன்.

வாழவந்தியில் ஒரு பெரியவர் ஒருநாள் கேட்டார். "உங்க சாமிக்கும் எங்க சாமிக்கும் ஏதாச்சும் தகராறு உண்டுங்களா?"

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்பறம் என்னங்க. எங்க சேர்வராயன் மேல மலையில இருக்காரு. உங்களவரு அதுக்கும் மேல இருக்காருன்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. நீங்க காப்பி குடிங்க."

காப்பிக்கு வருகிறேன்.

போன முதல் வாரத்தில், வாழவந்தியில் ஒரு வீட்டில் எங்கள் இருவருக்கும் காப்பி வந்தது. தோட்டத்திலேயே பறித்து வீட்டிலேயே வறுத்த காப்பி. சர்க்கரையைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். விருந்தாளிக்குக் குறைத்துப் போடும் பழக்கம் அந்த மலையில் இல்லை. என் மனைவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே என்னுடையதைக் குடித்தேன். அவளும் குடித்தாள். வெளியே வந்து நடக்கும்போது கேட்டாள்.

"அடுத்த வீட்டுல சீனி இல்லாம கேக்கட்டுமா?"

"வேணாம்."

"ஏன்?"

"ஏன் சீனி வேணாம்னு கேப்பாங்க. நீ சொல்லுவ. அது ஜெபக்கூடத்துக்குப் போகும். அங்கிருந்து ஈப்போவுக்குப் போகும். அடுத்த மாசம் நாம விமானத்துல இருப்போம்."

"அப்ப எனக்கு சீனி பிடிக்காதுன்னு சொல்லிடறேன்."

"அது பொய்."

அவள் நின்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "ஆமா. பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

அவள் என்னோடு ஒத்துப்போகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்தது மாத்திரை. ஈப்போவிலிருந்து கொண்டுவந்தது சில மாதங்களில் தீர்ந்தது. ஏற்காட்டிலேயே மருந்துக்கடை இருந்தது. ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த கடைக்காரர் ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்தில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருபவர். ஆகவே சேலத்துக்குப் போய் வாங்கவேண்டும் என்று முடிவு செய்தேன். யாராவது கேட்டால் வங்கி வேலை என்று சொல்லச் சொன்னேன். இது பொய்யில்லையா என்று அவள் கேட்கவில்லை. போகிறபோது நான் உண்மையிலேயே வங்கிக்குள் நுழைந்து, ஒரு நிமிடம் நின்று, வெளியே வருவேன். அதனால் அது பொய் இல்லை.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். என் மனைவிக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. மேலேயிருந்து நாலாவது வளைவிலேயே பிளாஸ்டிக் பையைக் கையில் எடுத்துவிடுவாள். பஸ்ஸில் இருந்த ஒரு பெண் எலுமிச்சம்பழம் கொடுத்து, "மோந்து பாருங்கம்மா" என்றாள். நான் வளைவுகளுக்குப் போட்டிருந்த எண்களை ஒவ்வொன்றாக என் மனைவிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இன்னும் எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சில தடவை போய்வந்தபிறகு அவள், "மாசாமாசம் வேணாம், ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் போனாப் போதும்" என்றாள். மாத்திரை எப்படிப் போதும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பயணம் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டேன். அவள் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆள் வாடவில்லை. அதற்குள் எல்லா வீட்டிலும் அவள் அடுப்படிவரை போகும் அளவுக்குப் பழகியிருந்தாள். நான் முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு டம்ளர் வெளியே வரும். அவளுக்கு உள்ளேயே கொடுத்துவிடுவார்கள். உள்ளே பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். அவளும் என்னைப்போலவே ஒரு காலை வேளைக்குள் நாலைந்து சர்க்கரைக் காப்பி குடிக்கிறாள், அப்படியும் நன்றாக இருக்கிறாள் என்று கணக்குப் போட்டேன். அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். மாதம் ஒருமுறை ஈப்போ சபையோடு கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவோம். அதில் நான் சொன்னேன்: "மலைக்காற்றும் கர்த்தருடைய கிருபையும் எங்களை ஒரு நோயும் அண்டாமல் காக்கின்றன."

ஏற்காட்டு வீட்டில் மின்விசிறி கிடையாது. என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் கூரையைப் பார்த்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட்டுக்கு அப்பால் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழை விடட்டும், பிறகு போகலாம் என்றாள் மனைவி. ஒவ்வொரு வியாழனும் வருவோம் என்று சொல்லியிருக்கிறோம் என்றேன் நான். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஈரத்தில் நடந்தோம். பெரியவர் எங்களைப் பார்த்ததும், "இந்த மழையில வந்தீங்களா? கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று கேட்டார். உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபோது அவளுடைய சுண்டுவிரல் இடுக்கில் ஓர் அட்டை கொழுத்துத் தொங்கியது. பெரியவர் உப்பு எடுத்துவந்து வைத்தார். அது விழுந்தது. இரத்தம் நிற்க நேரமானது.

"நான் எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருப்பேன். இன்னிக்கு என்கிட்ட எடுத்துட்டாங்க" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். நான்கூட.

மழை நிற்கவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பெரிய பாறை ஒன்று சாலையில் உட்கார்ந்தது. சேலம் பஸ் நின்றது. கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் சாலையில் துணிந்த கார்கள் மட்டும் போய்வந்தன.

"மாத்திரை முடியப்போகுது" என்றாள்.

"ரோடு திறந்ததும் போவோம்."

"இங்க கடையிலயே ஒரு அட்டை மாத்திரை வாங்கிக்கலாமே."

"ரெண்டு நாள் பொறு."

அவள் பொறுத்தாள். மருத்துவமனையில் பெரிய டாக்டர்கள் தப்பாக ஒன்று எழுதிவிட்டால் நேராகப் போய் நிற்கக்கூடியவள் அவள். அவளைக் கண்டால் இளம் டாக்டர்கள் வழி மாறிப் போவார்கள் என்று அவளோடு வேலைபார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் என் பேச்சைக் கேட்டு ஏன் மாத்திரை இல்லாமல் இருந்தாள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வீட்டில் பேசுவது என் வேலை என்று நாங்கள் எப்போதோ பிரித்துக்கொண்டுவிட்டோம். எப்போது, யார் பிரித்தது என்று நினைவில்லை. நானாகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டு நாள் இரண்டு வாரத்துக்கு அருகில் வந்தது. அவள் வீட்டுக்குள்ளேயே காலுறை போட ஆரம்பித்தாள். குளிர் என்றாள். கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். ஈரத்தில் கால் மரத்துவிட்டது என்றாள். நம்பினேன் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. நம்புவது என்று முடிவெடுத்தேன்.

இந்த இடத்தில் நான் இதுவரை அவளிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது, கட்டிலுக்கடியில் அவள் கழற்றிவைத்திருந்த காலுறையைப் பார்த்தேன். நுனியில் மஞ்சளாகக் கறை இருந்தது. பெரிய கறை. ஒரு தாதியோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்தவனுக்கு அது என்ன கறை என்று தெரியும். நான் முன்னறைக்குப் போய்ச் செய்தித்தாளைத் தேடினேன். சாலை மூடியிருந்ததால் அன்று செய்தித்தாள் வரவில்லை. முந்தின வாரத்துச் செய்தித்தாள் ஒன்று கிடந்தது. அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன்.

மறுநாள் வீட்டுக்கார அம்மா எங்கள் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார். உள்ளே வந்தவர் கூரையைப் பார்க்கவில்லை. மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க வாசம் இது?"

"ஈரத்துணி" என்றேன்.

அவர் என் மனைவியின் காலுறையைப் பார்த்தார். "அம்மா, காலக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல, அட்டை கடிச்சது..."

"காட்டுங்கன்னு சொன்னனுங்க."

குனிந்து அவரே காலுறையை உருவினார். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதைச் சுற்றிப் பாதம் வீங்கியிருந்தது. அந்த அம்மா நிமிர்ந்து என்னிடம் கேட்டார். "மாத்தரை ஒழுங்காப் போடறாங்களா?"

"என்ன மாத்திரை?" என்றேன். வாழ்க்கையில் பல முட்டாள்தனமான கேள்விகள் கேட்டிருக்கிறேன். அது முதலிடம்.

"சக்கரைக்குங்க."

"அவளுக்குச் சக்கரைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"ஆரு சொல்லோணும்? வாழவந்தில கேளுங்க, கொட்டச்சேட்டுல கேளுங்க, எந்த ஊட்டுலயும் அம்மாவுக்குச் சக்கரை போடாத காப்பிதான். எங்க ஊட்டுலயும் அதுதான். மெடிக்கல் கடைக்காரரு ஊட்டுலயும் அதுதானுங்க."

"எப்போலேர்ந்து?"

"நீங்க வந்த மாசத்துலேருந்துங்க. அம்மா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. மொத மொத டம்ளரக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சாங்களாமா. வாழவந்திக்காரம்மா அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிருச்சு."

நான் யாருக்குத் தெரியக்கூடாது என்று அத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டேனோ, அவர்கள் எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே தெரிந்திருந்தது. யாரும் ஈப்போவுக்குப் பேசவில்லை. சர்க்கரையை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க எங்கீங்க உட்டீங்க? பேசிட்டே இருந்தீங்க" என்றார் அந்த அம்மா. பிறகு என் மனைவியிடம், "மாத்தரை வாங்கறீங்கன்னுதான் நெனச்சோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாங்கியாந்து குடுத்திருக்க மாட்டனா?" என்றார்.

"அவர் வேணாம்னார்" என்றாள் என் மனைவி. புகார் சொல்லும் குரல் இல்லை. யாரோ கேட்ட நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த அம்மா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு குப்பனூர் சாலையில் இறங்கினார். மண் வழுக்கியது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே வழி முழுவதும் பேசினார். "தலைமையாசிரியருன்னு சொன்னாங்க. எத்தன பசங்க படிச்சாங்களோ, பாவம்" என்றார். வேறு சிலவும் சொன்னார். எல்லாம் நியாயமானவை. என் மனைவி அன்று வாந்தி எடுக்கவில்லை. காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் எங்கள் மகளைவிட இளையவர். காலைப் பார்த்தார், இரத்தம் சோதித்த தாளைப் பார்த்தார். என் மனைவி கண் விழித்திருந்தாள்.

"எத்தனை நாளாம்மா மாத்திரை போடல?"

அவள் தலையணையில் சாய்ந்தபடி மேலே மின்விசிறியைப் பார்த்தாள். இந்த மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, உங்களத்தான் கேக்கிறேன்."

"அவரைக் கேளுங்க டாக்டர்" என்றாள். "என் உடம்பைப் பத்தி அவர்தான் பேசுவார்."

சொன்னேன். மாத்திரை தீர்ந்ததைச் சொன்னேன். அதற்கு முன்பு பல மாதம் பாதி மாத்திரை என்று அவள் இடையில் சொன்னாள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "ஏற்காட்டுலயே கிடைக்குமே, ஏன் வாங்கல?"

"கடைக்காரருக்குத் தெரிஞ்சிடும்னு."

"தெரிஞ்சா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். மூப்பர், விதி, கம்போடியா, கைதட்டல் எல்லாம் நினைவுக்கு வந்தன. எதையும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல முடியவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். விரலை எடுத்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றலாம், ஒரு வாரம் முன்பு வந்திருந்தால் விரலையும் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். ஒரு வாரம் முன்பு நான் ரெண்டு நாள் பொறு என்று இரண்டாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விரலை எடுத்த மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நிறைய வார்த்தைகளைத் தயார்செய்து வைத்திருந்தேன். கொஞ்சம் பேசியதும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த ஜன்னலச் சாத்துங்க. கொசு வருது."

சாத்தினேன்.

"எனக்கும் வரணும்னு ஆசை இருந்துச்சு" என்றாள். "ரிட்டையர் ஆனதிலேர்ந்து யாரும் என்கிட்ட கையை நீட்டல. அதனாலதான் நானும் அன்னிக்கு வாய மூடிட்டு ஃபேனைப் பார்த்தேன். எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்காதீங்க."

இது என் சுமையைக் குறைக்கும் என்று நினைத்துச் சொன்னாளா, என்னுடைய குற்றத்தில்கூட எனக்கு முழு உரிமை கிடையாது என்று சொன்னாளா, தெரியவில்லை. குறையவில்லை.

அன்றே மூப்பருக்குப் பேசி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "காயம் ஆறியதும் கிளம்பி வாங்க" என்றார். சரி என்றேன். "உங்க மனைவி என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அதை நான் அவளிடம் கேட்கவில்லை. கைபேசியை அவளிடம் கொடுத்தேன். முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அவள் சொன்னாள். வாழவந்தியில் இரண்டு பேருக்கு இரத்த அழுத்தம் கூடிக்கொண்டிருக்கிறது, பாதியில் விட முடியாது, மாத்திரையை இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மூப்பர் ஒத்துக்கொண்டார். அதன்பிறகு மாதாந்திரப் பேச்சில் அவர் அவளிடம்தான் பேசினார். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காயம் ஆற நாள் பிடித்தது. நடக்கத் தொடங்கியபிறகு இடது செருப்பின் ஓரத்தில் பஞ்சு வைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் மாத்திரைப் பொட்டலத்தைத் திரும்பி நீட்டுவார். "அம்மா, உங்களோடது." யாரும் தலை திருப்பிப் பார்க்கவில்லை. இந்தக் காட்சிக்குப் பயந்துதான் அவளை அத்தனை முறை இருபது வளைவுகளில் இறக்கி ஏற்றினேன்.

தை மாதத்தில் மறுபடியும் வாழவந்திக்குப் போனோம். முதன்முதலில் காப்பி கொடுத்த அதே வீடு. என் மனைவியைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். நான் முன்னறையில் உட்கார்ந்தேன். பேச்சு எதுவும் எடுக்கவில்லை. வீட்டுக்காரப் பெண் எனக்கு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லை. கறுப்பாக, கெட்டியாக, வேப்பங்கொழுந்தை அரைத்து விட்டதுபோல இருந்தது. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கதவில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்தவள் நிற்கும் நிலை இல்லை அது.

"எப்பிடிங்க இருக்குது காப்பி?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

அடுத்த வீட்டிலும் அப்படியே வந்தது. அதற்கடுத்த வீட்டிலும். மறுநாள் கொட்டச்சேட்டில், ரைட்டர் பெரியவர் தானே போட்டுக் கொடுத்தார், அதிலும் இல்லை. அவரவர் குடிக்கும் டம்ளரில் சர்க்கரை இருந்தது. என்னுடையதில் மட்டும் இல்லை. எனக்குச் சக்கரை நோய் கிடையாது. அது அவர்களுக்கும் தெரியும். யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என் மனைவியின் காலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொன்னார்கள், நலம் விசாரித்தார்கள், அந்த டம்ளரை வைத்தார்கள். கிளம்பும்வரை, மிச்சமிருந்த அத்தனை மாதமும்.

நான் சர்க்கரை கேட்கவில்லை. கொடுத்ததை மறுக்கக் கூடாது என்ற விதி என்னுடையது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் வீட்டுக்கார அம்மா எங்களைத் தன் பாதி வீட்டுக்கு அழைத்தார். என் மனைவி அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டிவைத்திருந்தாள். நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தேன். அந்த அம்மா என் டம்ளரை நிரப்பிக் கையில் கொடுத்தார். கடைசி நாளாயிற்றே என்று ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. குடித்துப் பார்த்தேன். இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா சார்?"

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. டம்ளரைக் காலி செய்து நீட்டினேன்.

"ஊத்துங்க" என்றேன்.